ரேச்சல் ரீவ்ஸின் கணக்கும் எங்கள் வீட்டுக் கணக்கும்



2025 நவம்பர் பட்ஜெட் வந்து நாளாகிறது. "ரீச்சர், ஒண்டும் எழுதேல்லையோ?" என்று கனடாவிலிருந்து ஒருவர், வவுனியாவிலிருந்து ஒருவர், ஈஸ்ட்ஹாமிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இருமலும் காய்ச்சலுமாகப் படுத்திருந்தேன். இப்போது எழும்பிவிட்டேன். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள்.

முதலில் சிரிப்பான விஷயம். நவம்பர் 26ஆம் திகதி நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் பாராளுமன்றத்தில் எழும்பிப் பேசத் தொடங்குமுன்னரே, பட்ஜெட்டில் என்ன இருக்கிறது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அரசாங்கத்தின் கணக்கைச் சரிபார்க்கும் ஓ.பி.ஆர். என்ற சுயாதீன அலுவலகம் தன் அறிக்கையை நேரத்துக்கு முந்தியே இணையத்தில் ஏற்றிவிட்டது. மேற்பார்வையாளர் உறையை உடைக்க முன்னம் வினாத்தாள் சந்திக் கடையில் விலைப்பட்ட மாதிரி. அந்த அலுவலகத்தின் தலைவர் ரிச்சர்ட் ஹியூஸ் டிசம்பர் முதலாம் திகதி பதவி விலகினார். ஐந்தே நாள். எங்கள் ஊரில் எத்தனை தடவை வினாத்தாள் வெளியானது, எத்தனை பேர் பதவி விலகினார்கள்? சொல்லுங்கள் பார்ப்போம்.

சரி, பாடத்துக்கு வருவோம். இந்தப் பட்ஜெட்டில் பெரிய வரி எது என்று கேட்டால், அதன் பெயர் வரிகளின் பட்டியலில் இராது. வருமானத்தில் முதல் 12,570 பவுணுக்கு வரி இல்லை என்பது இங்கே சட்டம். அந்த எண் 2021இலிருந்து அசையவில்லை. முந்திய கொன்சர்வேட்டிவ் அரசு 2028 வரைக்கும் உறைய வைத்தது. இப்போது லேபர் அரசு அதை 2031 வரைக்கும் இழுத்துவிட்டது. விலைவாசியோடு சேர்ந்து அந்த எண்ணும் ஏறியிருந்தால் இப்போது 15,000ஐத் தாண்டியிருக்கும்.

இதை விளங்கப்படுத்த எனக்கு பஸ்ஸில் அரை ரிக்கற் கொடுக்கும் வழக்கந்தான் ஞாபகம் வருகிறது. பிள்ளையின் உயரத்தைப் பார்த்துத்தான் கொண்டக்டர் அரையா முழுசா என்று சொல்வார். கோடு அங்கேயே நிற்கிறது, பிள்ளை வளர்கிறது. வருஷா வருஷம் இன்னும் கொஞ்சப் பேர் கோட்டைத் தாண்டுவார்கள். வரி வீதத்தைக் கூட்டவில்லை, தேர்தல் வாக்குறுதியை மீறவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். காசு மட்டும் வந்து சேரும். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் நேர்மையான கணக்கு என்றால் வீதத்தைக் கூட்டிவிட்டு அதைச் சபையில் சொல்ல வேண்டும்.

இனி ஓய்வூதியம். 2026 ஏப்ரலில் 4.8 வீத உயர்வு. முழு அரச ஓய்வூதியம் கிழமைக்கு 230.25 பவுணிலிருந்து 241.30 பவுணுக்கு. 52ஆல் பெருக்கிப் பாருங்கள். 12,547 பவுணும் சில்லறையும். வரிக்கோட்டுக்கு 22 பவுண்தான் இடைவெளி! அடுத்த வருஷம் குறைந்தபட்சமான 2.5 வீதம் கூடினாலும் கோட்டைத் தாண்டிவிடும். ஒரு கையால் தந்து மறு கையால் எடுப்பதா என்று சத்தம் எழும்பியபடியால், அரச ஓய்வூதியம் மட்டுமே வருமானமாக உள்ளவர்களிடம் அந்தச் சிறு தொகைக்காக வரிக் கடிதம் அனுப்பமாட்டோம் என்று பட்ஜெட்டிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். வேறு சிறு ஓய்வூதியம் ஒன்றும் சேர்ந்து வருகிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை, கவனம்.

எங்கள் ஆட்கள் பலர் "எல்லாருக்கும் 241 பவுண்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. முழுத்தொகை கிடைக்க 35 வருஷம் தேசியக் காப்புறுதி கட்டியிருக்க வேண்டும். பத்து வருஷத்துக்குக் குறைந்தால் சதமும் இல்லை. நான் ஊரில் பயிற்றப்பட்ட ஆசிரியையாகப் படிப்பித்த இருபத்தொரு வருஷமும் இந்தக் கணக்கில் சேராது. இங்கே வந்து பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்திலும் பிறகு வகுப்பு உதவியாளராகவும் நின்ற 22 வருஷந்தான் சேரும். ஆகவே என்னுடைய பங்கு 35இல் 22. 2026 ஏப்ரலில் 151 பவுண் 67 பென்ஸ். கணக்கைச் செய்து பார்த்து, பிழை இருந்தால் கீழே எழுதுங்கள். முதலில் சரியாகச் செய்பவருக்கு வழக்கம்போல ஒரு 'மிக நன்று'.

இந்த நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். அரசாங்க இணையத்தளத்தில் உங்கள் தேசியக் காப்புறுதிப் பதிவைத் திறந்து, எத்தனை வருஷம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். கடையில் காசாக வாங்கிச் சம்பளச் சீட்டு இல்லாமல் வேலை செய்த வருஷங்கள் அங்கே ஓட்டையாகத் தெரியும். 2006ஆம் ஆண்டு வரைக்கும் பின்னோக்கிப் போய் ஓட்டையை அடைக்க ஒரு சந்தர்ப்பம் இருந்தது, அது 2025 ஏப்ரல் 5ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இனிப் பொதுவாக ஆறு வருஷம் மட்டுந்தான் பின்னுக்குப் போகலாம். பிள்ளை வளர்க்க வீட்டில் நின்ற பெண்கள் கட்டாயம் பாருங்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சைல்ட் பெனிபிட்டுக்கு உங்கள் பெயரில் பதிந்திருந்தால் அந்த வருஷங்கள் சும்மாவே சேரும். கணவரின் பெயரில் பதிந்துவிட்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. "நான் கட்டின காசைத்தானே திருப்பி எடுக்கிறன்" என்று கோயில் மண்டபத்தில் கதைப்பார்கள். நாங்கள் கட்டியது ஓர் உண்டியலில் கிடக்கவில்லை. அது அந்தந்த வருஷத்துப் பெரியவர்களுக்குக் கொடுபட்டுப் போயிற்று. இன்றைக்கு எனக்கு வருவது இன்றைக்கு வேலைக்குப் போகிறவர்கள் கட்டுவது. அதாவது என் மகள் கட்டுவது.

இதில்தான் எங்கள் வீட்டுச் சண்டை. ஓய்வூதியத்தைக் கூட்டும்போது விலையேற்றம், சம்பள உயர்வு, 2.5 வீதம் ஆகிய மூன்றில் எது பெரிதோ அதை எடுப்பார்கள். மூன்று பூட்டு என்று பெயர். 2025இல் விலையேற்றம் 3.8, சம்பள உயர்வு 4.8. ஆகவே 4.8. மூன்று பாடத்தில் கூடிய புள்ளியை மட்டும் றிப்போட்டில் போடுகிற மாதிரி. எந்தப் பிள்ளைக்குத்தான் கசக்கும்? 2011இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்கு, 2029-30 அளவில் வருஷத்துக்கு 15.5 பில்லியன் பவுண் செலவாகும் என்று அதே ஓ.பி.ஆர். 2025 யூலையில் கணக்குக் காட்டியது. தொடக்கத்தில் நினைத்ததைப்போல மூன்று மடங்கு.

மகள் சொன்னாள், "அம்மா, உங்களுக்கு மூண்டு பூட்டு. எங்களுக்கு ஒரு கதவும் இல்லை." அவளுடைய கணக்கையும் பாருங்கள். 2021இல் வீடு வாங்கினார்கள். இரண்டு வருஷத்துக்கு வட்டி 1.6 வீதம், மாதத் தவணை 1,065 பவுண். 2023இல் அந்த ஒப்பந்தம் முடிந்தபோது வட்டி 5.6, தவணை 1,640. அதே வீடு, அதே ஒழுகும் குழாய். மாதம் 575 பவுண் கூட. என் பேத்தியின் நீச்சல் வகுப்பு அந்த மாதந்தான் நின்றது.

லிஸ் ட்ரஸ்தான் எல்லாத்துக்கும் காரணம் என்று மருமகன் சொல்வார். பாதி சரி. 2022 செப்டெம்பர் 23ஆம் திகதி அவருடைய நிதியமைச்சர் குவாசி குவார்டெங், எங்கிருந்து காசு வரும் என்று சொல்லாமலே ஏறக்குறைய 45 பில்லியன் பவுண் வரிக்குறைப்பை அறிவித்தார். கடன் கொடுக்கிறவர்கள் பயந்துபோனார்கள். ஓய்வூதிய நிதியங்கள் தள்ளாடின, இங்கிலாந்து வங்கி ஓடிவந்து அரச கடன்பத்திரங்களை வாங்கித் தாங்கிப் பிடித்தது. ஒரு பத்திரிகை, லெட்டியூஸ் கீரையை மேசையில் வைத்து, இது முந்தி வாடுமா அந்த அம்மா முந்திப் போவாவா என்று படம் காட்டியது. கீரைதான் வென்றது. அவர் 49 நாளில் போனார். ஆனால் வட்டி அதற்கு முன்னரே ஏறத் தொடங்கிவிட்டது. 2021 டிசம்பரில் 0.1 வீதமாக இருந்த வங்கி வட்டி 2023 ஓகஸ்டில் 5.25 ஆனதற்கு உக்ரெயின் யுத்தமும் எரிவாயு விலையும் கொரோனாவுக்குப் பிந்திய விலையேற்றமும் முக்கிய காரணங்கள். 2022 ஒக்டோபரில் விலையேற்றம் 11.1 வீதம். ட்ரஸ் எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றினார், அடுப்பை மூட்டியவர் அவரல்ல. 2025 நவம்பரில் வட்டி 4 வீதத்தில் நின்றது. பழைய 0.1ஐ இனி என் ஆயுளில் காண்பேனோ தெரியாது, காணாவிட்டால் அது நல்லதாகவும் இருக்கலாம்.

மூன்று பூட்டைக் கழற்ற வேண்டுமா என்று மகள் நேராகவே கேட்டாள். ஒரு பூட்டைக் கழற்றலாம் என்றுதான் சொன்னேன். விலை ஏறினால் ஓய்வூதியம் ஏறட்டும். சம்பளம் ஏறினால் அதோடு ஏறட்டும். இரண்டும் ஏறாத வருஷத்தில் 2.5 எதற்கு? என் வயதுக்காரர் பலருக்கு இது பிடிக்காது. பிடிக்காதவர்கள் சொல்லுங்கள், கேட்கிறேன். எரிபொருள் உதவித்தொகையில் கையை வைத்து இந்த அரசு பட்ட பாட்டைப் பார்த்த பிறகு எந்த அரசியல்வாதிக்கும் தைரியம் வராது என்பதும் தெரியும். 2024 யூலையில் வறிய ஓய்வூதியர் தவிர மற்ற எல்லாருக்கும் நிறுத்தினார்கள். 2025 யூனில் 35,000 பவுண் வரை வருமானம் உள்ளவர்களுக்குத் திரும்பக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு 200 பவுண் மறுபடி வந்தது. மிச்சம் பிடித்ததும் இல்லை, நல்ல பெயர் எடுத்ததும் இல்லை.

(எரிபொருள் என்றவுடன் ஒன்று. உச்சவிலை இவ்வளவு என்று செய்தியில் சொல்வது உங்கள் பில்லுக்கான உச்சம் அல்ல. ஓர் அலகின் விலைக்குத்தான் உச்சம். அந்த எண் ஒரு சாதாரண வீட்டுக்கான உதாரணம். "அதுக்கு மேல எடுக்கேலாது" என்று நினைத்து ஹீட்டரை விடிய விடியப் போடாதீர்கள்.)

கடை வைத்திருக்கும் பிள்ளைகள் என்னோடு கோபிக்கக்கூடும். குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஏப்ரலில் மணிக்கு 12.21இலிருந்து 12.71க்கு ஏற்றம். முதலாளி கட்டும் தேசியக் காப்புறுதியை 2025இல்தான் 15 வீதமாக்கினார்கள். சின்னக் கடைக்கு இது பாரந்தான். ஆனாலும் 12.71இல் லண்டனில் ஒரு குடும்பம் வாழ்வது அதைவிடப் பாரம்.

இந்தப் பட்ஜெட்டில் நான் மனதார வரவேற்கும் விஷயம் ஒன்று உண்டு. 2017 ஏப்ரலிலிருந்து, மூன்றாவதாகப் பிறக்கும் பிள்ளைக்கு அரச உதவியில் பங்கு இல்லை என்று ஒரு விதி. அதை 2026 ஏப்ரலில் எடுப்பதாக இந்தப் பட்ஜெட் சொன்னது. "பெத்தவை யோசிச்சுப் பெறவேணும்" என்று சொல்கிறவர்களுக்கு நான் சாப்பாட்டு மண்டபத்தில் கண்டதைச் சொல்கிறேன். திங்கட்கிழமைகளில் மட்டும் இரண்டாந்தரம் வரிசையில் வந்து நிற்கும் பிள்ளைகள் இருந்தார்கள். மற்ற நாட்களில் வரமாட்டார்கள். சனி, ஞாயிறு வீட்டில் என்ன இருந்தது என்று அந்தத் திங்கட்கிழமை தட்டு சொல்லும். அந்தப் பிள்ளை வீட்டில் எத்தனையாவது என்று கரண்டி பிடித்த எவரும் கேட்கவில்லை.

இனி எழுதப் போவது வாசிக்கக் கஷ்டமாக இருக்கலாம். அத்தானும் வாசிப்பார், வாசிக்கட்டும்.

பட்ஜெட்டுக்கு ஆறு நாள் முந்தி, நவம்பர் 20ஆம் திகதி, உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் நிரந்தர வதிவிடத்துக்குப் புதிய விதிகளை முன்வைத்தார். இதுவரை ஐந்து வருஷம் வேலை செய்தால் விண்ணப்பிக்கலாம். இனி அடிப்படை பத்து வருஷம். 50,270 பவுணுக்கு மேல் உழைத்தால் ஐந்து வருஷம் கழிவு. 1,25,140க்கு மேல் என்றால் ஏழு வருஷம் கழிவு, மூன்றே வருஷத்தில் கிடைக்கும். முதியோர் பராமரிப்பு வேலை போன்றவற்றுக்கு வந்தவர்களுக்குப் பதினைந்து வருஷம். ஏற்கனவே வந்திருப்பவர்களுக்கும் இது பொருந்த வேண்டும் என்பதுதான் அவர்களின் யோசனை.

அன்றிரவு பதினொரு மணிக்கு என் பழைய மாணவர் ஒருவர் எடுத்தார். பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பில் பின்னம் படிப்பித்தேன், பகுதியையும் தொகுதியையும் மாறி மாறிப் போடுவான். இப்போது தலை நரைத்த மனுஷன். 2023இல் மனைவியோடும் ஏழு வயது மகனோடும் வந்து, வடக்கில் ஒரு நகரத்தில் முதியோர் இல்லத்தில் இரவு வேலை. ஊர்க் காணியை ஈடு வைத்துத்தான் ஏஜென்சிக்குக் காசு கட்டியது. 2028இல் விண்ணப்பிக்கலாம் என்று சுவரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தவருக்கு இப்போது 2038. மகனுக்கு 22 வயதாகிவிடும். அதுவரைக்கும் வரியும் தேசியக் காப்புறுதியும் கட்ட வேண்டும், சைல்ட் பெனிபிட் போன்ற உதவி எதையும் தொடக்கூடாது, விசா முதலாளியின் கையில்.

அவர் அழவில்லை. அவர் சொன்னது இதுதான். "ரீச்சர், போன கிழமை ராத்திரி முழுக்க ஒரு அம்மா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நித்திரையானவ. விடிய அவவின்ர மேன் வந்து ரீவீயைப் போட்டார். அதில எங்களைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டிருந்தினம். அவர் சத்தத்தைக் குறைச்சுப்போட்டு என்னைப் பார்த்தார். நான் பெட்சீற்றை மாத்தினன்."

மறுநாள் இதை அத்தானிடம் சொன்னேன். அவர் 1986இல் அகதியாக வந்தவர், இப்போது ரிஃபோம் கட்சிக்குப் போடப் போகிறாராம். "பிள்ளை, நாங்கள் வேற. நாங்கள் உயிருக்குப் பயந்து வந்தனாங்கள். இவை காசுக்கு வருகினம். எங்கையாவது பூட்டத்தானே வேணும்?" என்றார். அத்தான் கெட்ட மனுஷனல்ல. டொக்ரரைக் காண மூன்று கிழமை காத்திருக்கிறார், அவருடைய வீதியில் ஒரு வீட்டில் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவருடைய குறை உண்மையான குறை.

ஆனால் எண்களை வைத்துக் கதைப்போம் அத்தான். நிகரக் குடியேற்றம் 2023இல் 9 லட்சத்துக்கு மேல் போனது, சரி. 2025 யூனுடன் முடிந்த ஒரு வருஷத்தில் அது 2,04,000. வெளிநாட்டிலிருந்து பராமரிப்பு வேலைக்கு ஆட்களைப் புதிதாக எடுப்பதை 2025 யூலை 22ஆம் திகதியோடு நிறுத்தியும் விட்டார்கள். கதவு பூட்டியாகிவிட்டது. இப்போது நடப்பது வீட்டுக்குள் இருப்பவரின் பாயை இழுப்பது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பராமரிப்பு வேலைகள் ஆளில்லாமல் கிடக்கும் நாட்டில், வங்கிக்காரருக்கு மூன்று வருஷம், கிழவரைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவருக்குப் பதினைந்து என்பது என்ன பெறுமானக் கணக்கு? நீங்கள் போடப் போகும் கட்சியோ நிரந்தர வதிவிடம் என்பதையே இல்லாமலாக்குவோம் என்று 2025 செப்டெம்பரில் சொல்லியிருக்கிறது. 1986இல் அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் உங்கள் மூத்தவன் எங்கே படித்திருப்பான்? ஸ்ராற்ஃபோர்ட் அன்ட் போ தொகுதியில் இன்று பாராளுமன்ற உறுப்பினராக இருக்கும் உமா குமரனும் இலங்கையிலிருந்து தப்பி வந்த பெற்றோரின் பிள்ளைதான்.

அத்தான் பதில் சொல்லவில்லை. பாயாசம் கேட்டார். கொடுத்தேன்.

இங்கே ஒரு முக்கியமான செய்தியைச் சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரியாது. இலங்கை, இந்தியா போன்ற பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் சட்டப்படி விசாவோடு இங்கே வசித்தால், பிரித்தானிய பாஸ்போட் இல்லாமலே எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். பதிவது இலவசம். வாக்குச் சாவடியில் காட்ட இலங்கைப் பாஸ்போட்டே போதும். 2026 மே 7ஆம் திகதி லண்டன் முழுக்கவும் வேறு பல இடங்களிலும் கவுன்சில் தேர்தல். என் மாணவர் இரண்டு வருஷமாக இங்கே இருந்தும் தனக்கு வாக்கு உண்டென்று அறியாமல் இருந்தார். 2024 தேர்தலில் லேபர் 33.7 வீத வாக்கில் 650இல் 411 ஆசனம் எடுத்தது, ரிஃபோம் 14.3 வீதத்தில் ஐந்துதான் எடுத்தது, லிபரல் டெமோக்கிரட் அதைவிடக் குறைந்த 12.2 வீதத்தில் 72 எடுத்தது. அந்தந்தத் தொகுதியில் யார் முதலாவது என்பது மட்டுமே கணக்கு. ஆகவே ஒரு வீதியில் பத்துப் பேர் பதிந்தாலும் அது எண்தான்.

நிரந்தர வதிவிட விதிகளைப் பற்றி அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. 2026 பெப்ரவரி 12ஆம் திகதி கடைசி நாளாக இருந்தது. நான் என் பதிலை அனுப்பிவிட்டேன். படிவம் நீளமாக இருந்தது, ஆங்கிலம் கொஞ்சம் முறுக்கு. உதவி வேண்டியவர்கள், இந்த விசாவில் வந்த பிள்ளைகள், சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிறகு வீடியோவில் எடுங்கள், அல்லது கிட்ட இருந்தால் வீட்டுக்கே வாருங்கள். வேலைக் கடிதம், விசாத் திகதிகள் இரண்டையும் கையில் வைத்திருங்கள். பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், அத்தான் சாப்பிட வருவார்.